18 வாரம் தபால் இல்லாத அயர்லாந்து: 1979-ல் எது நின்றது, எது ஓடியது

கேள்வி இது: "1979-ல் அயர்லாந்து முழுக்கத் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் நடந்தது என்கிறார்கள். அந்தக் காலத்தவர்களிடம் கேட்டால் ஒருவர் 'போனும் செத்துப் போச்சு' என்கிறார், இன்னொருவர் 'போன் நன்றாகத்தான் இருந்தது, கடிதம்தான் வரவில்லை' என்கிறார். யார் சொல்வது சரி? இவ்வளவு நாள் ஏன் இழுத்தது? அந்த வருடத்துக் கடிதக் கட்டு ஒன்று கையில் இருக்கிறது; அதை எப்படிப் படிப்பது?"

இருவர் சொல்வதும் சரிதான். அவரவர் எந்த ஊரில் இருந்தார், அந்த ஊர்த் தொலைபேசி இணைப்பகத்தில் ஆள் உட்கார்ந்து வேலை செய்தாரா, இயந்திரம் செய்ததா என்பதைப் பொறுத்து நினைவு மாறும். மனிதர் கை பட்டால்தான் நகரும் என்றிருந்த எல்லாம் அந்த 18 வாரமும் நின்றது. கை தேவைப்படாதது ஓடியது. இதைப் பிடித்துக்கொண்டால் அந்தக் காலத்து நினைவுகளில் முரண்போலத் தெரிவதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

முதலில் அமைப்பைச் சொல்கிறேன். அப்போது அயர்லாந்தில் தபாலும் தொலைபேசியும் தந்தியும் ஒரே அரசுத் துறையின் கீழ் இருந்தன. 'போஸ்ட்ஸ் அண்ட் டெலிகிராப்ஸ்', பேச்சுவழக்கில் 'பி அண்ட் டி'. நம் நாட்டிலும் 1985-ல் பிரிக்கப்படும்வரை இதே பெயரில், இதே அமைப்பில் ஒரு துறை இருந்தது. இரண்டுமே பிரிட்டிஷ் தபால் துறையின் அச்சில் வார்த்தவை. அயர்லாந்தின் தபால்காரர்கள், கடிதம் பிரிப்பவர்கள், கவுன்டர் எழுத்தர்கள், தந்தி ஊழியர்கள், தொலைபேசி ஆபரேட்டர்கள் எல்லோரும் 'போஸ்ட் ஆபீஸ் வொர்க்கர்ஸ் யூனியன்' என்ற ஒரே சங்கத்தில் இருந்தார்கள். கம்பி இழுப்பவர்கள், இணைப்பகக் கருவிகளைப் பழுது பார்ப்பவர்கள் அதே துறைதான், ஆனால் சங்கம் வேறு. 1979 பிப்ரவரி 19 திங்கட்கிழமை, சம்பள உயர்வு கேட்டு வேலைக்கு வராமல் நின்றது மேலே முதலில் சொன்ன சங்கம். சுமார் 13,000 பேர். ஜூன் 25-ல் முடிந்தது. தொழில்நுட்பப் பணியாளர்கள் வேறு சங்கம் என்பதால் தானியங்கி இணைப்பகங்களின் கருவிகள் அந்த நான்கு மாதமும் சுழன்றுகொண்டுதான் இருந்தன.

டப்ளின், கார்க் போன்ற நகரங்களில் எண்ணைச் சுழற்றினால் நேராக மணியடிக்கும். நகரத்திலிருந்து நகரத்துக்கும் அப்படியே பேசலாம். தானியங்கிப் பகுதியில் இருந்தால் பிரிட்டனுக்கும் நேராகச் சுழற்றலாம். அங்கிருந்தவர்களுக்கு 'போன் நன்றாகத்தான் இருந்தது'. ஆனால் நாட்டுப்புறத்தில் இன்னும் நூற்றுக்கணக்கான கைமுறை இணைப்பகங்கள் இருந்தன. அங்கே போன் என்பது டயல் இல்லாத பெட்டி. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுழற்றினால் உள்ளே சிறு ஜெனரேட்டர் மின்சாரம் உண்டாக்கி அனுப்பும். இணைப்பகத்துப் பலகையில் அந்த வீட்டு எண்ணுக்கு மேலே உள்ள சிறு தகடு டக்கென்று கீழே விழும். ஆபரேட்டர் அதைக் கண்டு ஒரு கயிற்றின் செருகியை அந்தத் துளையில் செருகி 'என்ன நம்பர் வேண்டும்?' என்று கேட்பார். அதே ஜோடியின் இன்னொரு கயிற்றை எடுத்து, வேண்டிய வீட்டின் துளையில் செருகி, பலகையில் உள்ள சிறு விசையைத் தள்ளி மணியடிக்க வைப்பார். அந்தத் துளையில் ஏற்கெனவே செருகி இருந்தால் அந்த வீட்டார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்ணாலேயே தெரியும். பேசி முடித்தவர் கைப்பிடியை ஒருமுறை சுழற்றிச் சைகை காட்டினால் இரண்டு கயிற்றையும் உருவிவிடுவார். வெளியூர் அழைப்பென்றால் ஒரு சிறு சீட்டில் இரண்டு எண்களையும், தொடங்கிய நேரத்தையும், எத்தனை நிமிடம் என்பதையும் எழுதுவார். பில் அந்தச் சீட்டிலிருந்துதான் பிறக்கும். நம் ஊரில் ட்ரங்க் கால் போட்டுக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

வேலைநிறுத்தத்தில் இதில் எது அறுந்தது என்று பாருங்கள். கைப்பிடியைச் சுழற்றினால் மின்சாரம் போகும், தகடும் விழும். அதைப் பார்க்க ஆள் இல்லை. கம்பியும் பழுதில்லை, போனும் பழுதில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்குக்கூடப் பேச முடியாது. கிராமத்துச் சிறு இணைப்பகங்கள் பல உள்ளூர்த் தபால் நிலையத்திலேயே இருந்தன; அவற்றை நடத்தியவர்கள் துறையோடு ஒப்பந்தம் போட்டவர்கள், சம்பள ஊழியர் அல்லர். அப்படிப்பட்ட ஊரில் உள்ளூருக்குள் இணைத்துவிட ஒருவர் இருந்தால்கூட, ஊரைத் தாண்ட வேண்டுமென்றால் மேல்நிலை இணைப்பகத்து ஆபரேட்டர் எடுக்க வேண்டும். அவர் மறியலில் நிற்கிறார். ஆகவே பத்து மைலுக்குள் இரண்டு விதமான நினைவு இருப்பதில் வியப்பில்லை.

தானியங்கி ஊரிலும் முழு வசதி இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. எண் தெரியாவிட்டால் விசாரிக்கும் சேவை, எதிர்முனை பணம் கட்டும் அழைப்பு, இன்னாரை அழைத்துக் கொடுங்கள் என்று கேட்கும் அழைப்பு இவையெல்லாம் ஆபரேட்டர் கையில் இருந்தவை. கைமுறை இணைப்பகம் உள்ள கிராமத்துக்கு டப்ளினிலிருந்து பேசவும் ஆபரேட்டர்தான் வழி. நகரத்துப் பிள்ளையிடம் வேலை செய்யும் போன் இருந்தும் கிராமத்துத் தாயிடம் பேச முடியாமல் போனது இதனால்தான். தந்தியும் இல்லை. அதைத் தட்டுபவரும் கொண்டுபோய்க் கொடுப்பவரும் அதே சங்கத்தினர்.

பொதுத் தொலைபேசிக் கூண்டில் 'ஏ' பொத்தான், 'பி' பொத்தான் வைத்த பெட்டிகள் அன்று இருந்தன. காசைப் போட்டு, எண்ணைச் சுழற்றி, எதிர்முனையில் குரல் கேட்டதும் 'ஏ'-வை அழுத்தினால் காசு உள்ளே விழுந்து நம் குரல் போகும். யாரும் எடுக்காவிட்டால் 'பி'-யை அழுத்திக் காசைத் திரும்ப வாங்கலாம். உள்ளூர் அழைப்புக்கு இது போதும். தூரத்து அழைப்பென்றால் எத்தனை காசு போட வேண்டும் என்று சொல்லி, ஒவ்வொன்றும் விழும் ஓசையைக் கேட்டு எண்ணுவதற்கு ஆபரேட்டர் வேண்டியிருந்தது.

இனி கடிதத்துக்கு வருகிறேன். பச்சைப் பெட்டியில் போடும் கடிதத்தில் எத்தனை கை படுகிறது என்று பாருங்கள். பெட்டியைத் திறந்து எடுப்பவர் ஒருவர். தபால்தலை எல்லாம் ஒரே பக்கம் வரும்படி அடுக்கி முத்திரை குத்துபவர் ஒருவர். புறாக்கூண்டு போன்ற சிறு அறைகள் கொண்ட சட்டத்துக்கு முன் நின்று மாவட்ட வாரியாக எறிபவர் ஒருவர். அதையே ஊர் வாரியாக மறுபடி பிரிப்பவர் இன்னொருவர். பைகட்டிச் சீல் வைப்பவர், ரயிலில் ஏற்றுபவர், இறங்கும் ஊரில் பிரிப்பவர், கடைசியில் தன் தெருவின் வீட்டு வரிசைப்படி அடுக்கிக்கொண்டு சைக்கிளில் கிளம்புபவர். இதில் கடைசிப் படிதான் மற்றவர்களால் ஈடுசெய்ய முடியாதது. நாட்டுப்புற அயர்லாந்தில் வீட்டு எண் கிடையாது, தெருப்பெயரும் கிடையாது. விலாசம் என்பது குடும்பப் பெயர், ஊர்ப்பகுதியின் பெயர், மாவட்டம், அவ்வளவுதான். ஒரே பகுதியில் ஒரே பெயரில் நான்கு குடும்பம் இருந்தால் எது எவருடையது என்பது தபால்காரர் தலையில் மட்டுமே இருக்கும். 'அனுபவமற்றவர்களை வைத்து ஓட்டியிருக்கலாமே' என்று கேட்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

உண்மையில் அந்த நாட்டை அதிகம் வாட்டியது உறவினர் கடிதம் வராதது அல்ல, காசோலை நகராதது. அன்றைய வியாபாரம் முழுக்கத் தபாலில் ஓடியது. சரக்கு போனபின் பில் தபாலில் போகும். மாதக் கடைசியில் காசோலை தபாலில் வரும். அதை வங்கியில் போட்டால்தான் அடுத்த வாரச் சம்பளம். பில் போகவில்லை என்றால் தர வேண்டியவருக்கு அவசரமில்லை. வர வேண்டியவருக்கோ ஒவ்வொரு வாரமும் மூச்சு முட்டும். பெரிய நிறுவனம் கார் வைத்து ஆளனுப்பி வசூல் செய்துகொள்ளும். நாடு முழுக்க ஐம்பது சிறு கடைகளுக்குச் சரக்கு போடும் ஒருவர் என்ன செய்வார்? மனதில் வைக்க வேண்டிய நுணுக்கம்: இங்கே இழப்பு வியாபாரம் குறைந்ததால் வந்ததல்ல, பணம் வரத் தாமதமானதால் வந்தது. அரசும் இதில் தப்பவில்லை. தபாலில் வரும் வரிப்பணம் தாமதப்பட்டது. தொலைபேசி பில்லை அனுப்ப வேண்டிய துறையே தன் பில்லை அனுப்ப முடியாமல் நின்றது.

இதோடு 1970-ஐ ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். அந்த வருடம் மே மாதத்திலிருந்து நவம்பர் வரை, ஆறு மாதத்துக்கும் மேலாக, அயர்லாந்தின் வங்கிகள் தகராறில் மூடிக் கிடந்தன. நாடு நின்றுவிடவில்லை. ஒருவர் எழுதிய காசோலையை அடுத்தவர் வாங்கி, பின்னால் கையெழுத்துப் போட்டு மூன்றாமவருக்குக் கொடுத்தார். ஊர் மதுக்கடைக்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் யார் நாணயமானவர் என்று தெரியும்; அவர்களே வங்கியாகிவிட்டார்கள். அது ஊருக்குள் நடந்தது, முகம் பார்த்து நடந்தது. 1979-ல் வங்கி திறந்திருந்தது, ஆனால் ஊருக்கு ஊர் காகிதம் நகரவில்லை. அறிமுகத்தால் வங்கியின் இடத்தை நிரப்ப முடிந்தது. நூறு மைல் தூரத்தை அதனால் நிரப்ப முடியவில்லை.

மக்கள் கண்டுபிடித்த முதல் வழி நியூரி. எல்லைக்கு அப்பால் வட அயர்லாந்தில் உள்ள ஊர். டப்ளினிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அங்கே பிரிட்டிஷ் தபால் வழக்கம்போல் ஓடியது. நிறுவனங்கள் வாரம் ஒருமுறையோ இருமுறையோ கார் அனுப்பின. மேற்கிலும் வடமேற்கிலும் இருந்தவர்களுக்கு எனிஸ்கில்லன், ஸ்ட்ரபேன், டெரி பக்கம். இந்த வழியின் குறையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நியூரியில் போட்ட கடிதம் லண்டனுக்குப் போகும், நியூயார்க்குக்குப் போகும். கார்க்குக்குப் போகாது; கார்க்கில் கொண்டுகொடுக்க ஆளில்லை. ஆகவே இது வெளிநாட்டுக்கு எழுதுவதற்கான வழி மட்டுமே. பதில் வேண்டுமென்றால் வடக்கில் ஒரு விலாசம் தேவை. அங்கே ஒரு உறவினர், ஒரு வியாபாரக் கூட்டாளி, அல்லது தபால் நிலையத்திலேயே வைத்திருந்து நேரில் வாங்கும் ஏற்பாடு. வாங்கவும் மறுபடி கார் வேண்டும். அது வட அயர்லாந்துக் கலவரக் காலம், எல்லையில் ராணுவச் சோதனை. ஈரான் புரட்சியைத் தொடர்ந்து பெட்ரோல் தட்டுப்பாடும் வந்து, பம்ப்புகளில் வரிசை நின்ற வருடம் அது.

இன்னொரு சிக்கலும் நடுவில் சேர்ந்தது. அயர்லாந்துப் பவுண்டும் பிரிட்டிஷ் பவுண்டும் அதுவரை ஒன்றுக்கு ஒன்று சமம். அயர்லாந்துக் கடைகளில் இரண்டும் செல்லும். 1979 மார்ச் 13-ல் ஐரோப்பிய நாணய முறை நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த நாடுகளின் நாணய மதிப்புகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படும். அயர்லாந்து சேர்ந்தது, பிரிட்டன் தன் நாணயத்தை அதில் பிணைக்கவில்லை. மார்ச் 30-ல் அந்தப் பழைய சமநிலை அறுந்தது. அயர்லாந்துப் பவுண்டு கொஞ்சம் கீழே போனது. வேலைநிறுத்தம் தொடங்கியபோது நியூரியில் பவுண்டுக்குப் பவுண்டு என்று கணக்கிட்டுத் தபால்தலை வாங்கியவர், ஏப்ரலில் மாற்று விகிதம் பார்க்க வேண்டியதாயிற்று. பிரிட்டனோடு ஏற்றுமதி இறக்குமதி செய்தவர்களுக்கு இது பெரிய விஷயம். எந்தத் தேதி விகிதத்தில் பணம் கட்டுவது என்று எழுதிக் கேட்கவும் வழியில்லாத நாளில் இது வந்து விழுந்தது.

மற்ற வழிகள்: டப்ளின் அருகே உள்ள டன் லேரி துறைமுகத்தில், பிரிட்டனின் ஹோலிஹெட்டுக்குக் கப்பல் ஏறும் பயணியிடம் 'அங்கே பெட்டியில் போட்டுவிடுங்கள்' என்று கொடுப்பது, லாரி ஓட்டுநரிடம் கொடுப்பது, ரயிலிலும் பஸ்ஸிலும் பொட்டலமாக அனுப்புவது. சட்டம் இங்கே ஒரு கோடு போட்டிருந்தது. கடிதம் சுமக்கும் ஏகபோக உரிமை தபால் துறைக்கு. அது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். நண்பர் ஒருவர் போகிற வழியில் கூலி வாங்காமல் கொண்டுபோகலாம், நிறுவனம் தன் சொந்த வேலைக்குத் தன் ஆளை அனுப்பலாம். பணம் வாங்கிக்கொண்டு ஊரார் கடிதம் சுமப்பது உரிமை மீறல். இருந்தும் ஆங்காங்கே கட்டணம் வாங்கிக் கடிதம் கொண்டுபோகும் தனியார் ஏற்பாடுகள் முளைத்தன. சில தாங்களே அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகளையும் ஒட்டின. பின்னால் அயர்லாந்தில் கூரியர் தொழில் பெருகியதற்கு இந்த நான்கு மாதம் ஒரு வித்து.

அரசு வேலைகளில் எது நடந்தது என்பதையும் அதே 'கை' கணக்கில் பாருங்கள். 1979 ஏப்ரல் 1-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. 33,68,217 பேர் என்று முடிவு வந்தது. தபால் இல்லாமல் எப்படி? கணக்கெடுப்பாளர் படிவத்தை வீட்டுக்கு வீடு கையில் கொடுத்து, திரும்ப வந்து வாங்கிப் போவார். அதற்குத் தபாலே வேண்டாம். ஜூன் 7-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு முதல் நேரடித் தேர்தலும், அதே நாளில் உள்ளாட்சித் தேர்தலும் நடந்தன. வாக்குரிமைக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்பதால் தேர்தல் நின்றுவிடவில்லை. ஆனால் வேட்பாளர் வாக்காளருக்குத் தபால் செலவில்லாமல் அனுப்பும் கடிதத்துக்கு வழியில்லை. தொண்டர்கள் நடந்தே விநியோகிக்க வேண்டியிருந்தது. மே 31-ல் அயர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ தன் இரண்டாவது வானொலியைத் தொடங்கியது. பாட்டு வானொலி, ஆனால் நேயர் கடிதம் வர வழியில்லாத நாளில் பிறந்தது.

'ஏன் இவ்வளவு நாள்?' என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே பொதுவாகச் சொல்லப்படும் பதில், சங்கம் பிடிவாதம் பிடித்தது அல்லது அமைச்சர் பிடிவாதம் பிடித்தார் என்பது. துறை அமைச்சர் பாட்ரிக் ஃபாக்னர், பிரதமர் ஜாக் லிஞ்ச். இருவர் மனநிலையையும்விட ஏற்பாடுதான் காரணம் என்பது என் கணிப்பு. தபால் ஊழியர்கள் அரசு ஊழியர்கள். தனியார் தொழிலாளிகள் போகும் தொழிலாளர் நீதிமன்றம் அவர்களுக்கு இல்லை. சமரசமும் நடுவர் தீர்ப்பும் கொண்ட தனி முறை. அந்த முறையில் ஒவ்வொரு வேலைக்கும் இன்னொரு வேலையோடு ஒரு சம்பள உறவு உண்டு. ஒருவருக்கு ஏற்றினால், அவரோடு கோத்த அடுத்தவர் மறுநாளே கேட்பார். ஒரு தபால்காரருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டையும் அரசு நாடு முழுவதற்குமான அரசுச் சம்பளத்தால் பெருக்கிப் பார்த்தது.

காலமும் மோசமாக அமைந்தது. அந்த வருடம் பணவீக்கம் சுமார் 13 சதவீதம். முந்தின வருடம் 8-க்குள் இருந்தது. ஆக, பேச்சுவார்த்தை ஒவ்வொரு மாதம் இழுக்கும்போதும் முந்தின மாதம் பேசிய தொகையின் மதிப்பு கரைந்தது. மார்ச் 20-ல் டப்ளினில் லட்சத்துக்கு மேற்பட்ட சம்பளக்காரர்கள் வருமான வரிச் சுமையை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். நாட்டளவில் அரசுக்கும் தொழிற்சங்கக் காங்கிரசுக்கும் இடையே ஒரு பெரிய சம்பள உடன்பாடு பேசப்பட்டுக்கொண்டிருந்தது. மே மாதத்தில் சங்கப் பிரதிநிதிகள் அதை நிராகரித்தார்கள், திருத்திய பிறகு ஜூலையில்தான் ஏற்றார்கள். அந்தப் பெரிய கணக்கு முடியாதபோது தபாலுக்கு மட்டும் தனிக் கணக்கு முடிக்க அரசு அஞ்சியது. ஒரு குழு மற்ற எல்லோருக்காகவும் தடுத்து நிறுத்தப்பட்டது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

பாரம் ஊழியர் வீட்டில் இறங்கியது. 13,000 பேர், வாரம் 5 நாள், 18 வாரம் என்று பெருக்கினால் 11,70,000 வேலைநாள் வருகிறது. அந்த வருடம் அயர்லாந்தில் எல்லாத் தகராறுகளிலும் சேர்த்து இழந்தது சுமார் 14.6 லட்சம் நாள். இதில் பெரும்பகுதி இந்த ஒரு வேலைநிறுத்தம்தான். தகராறில் இருப்பவருக்கு வேலையில்லாதோர் உதவித்தொகை சட்டப்படி கிடையாது. 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான துணை நலத்தொகையிலும் வேலைநிறுத்தம் செய்பவருக்கு என்று எதுவும் இல்லை. அவர் மனைவி, பிள்ளைகள் பங்குக்கு மட்டும் கணக்கிடுவார்கள். நான்கு பேர் குடும்பத்தில் மூன்று பேர் சாப்பாட்டுக்கு என்று பொருள். மணமாகாத தொலைபேசிப் பெண் ஊழியருக்கு அதுவும் இல்லை. இதை அறியாமல் '18 வாரம் வீட்டில் உட்கார்ந்தார்கள்' என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

முடிவில் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் தோற்றுத் திரும்பியவர்கள் என்றும் சொல்லமாட்டேன். அதற்கு 1922-ஐ அறிய வேண்டும். செப்டம்பர் 9-ல் புதிய டால், அதாவது அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவை, கூடியது. 10-ஆம் தேதி தபால் ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். காரணம் அகவிலைப்படி வெட்டு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது; விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் கொல்லப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்று, காலின்ஸுக்குப் பின் பொறுப்பேற்ற காஸ்கிரேவின் அரசு அறிவித்தது. மறியலைக் கலைக்க ராணுவத்தை விட்டது. செப்டம்பர் 29-ல் முடிந்தது. அடுத்த வருடம் பிரிந்து கிடந்த சங்கங்கள் சேர்ந்து உருவானதுதான் 1979-ல் தெருவில் நின்ற அந்த யூனியன். அதன் பொதுச் செயலாளராக நெடுநாள் இருந்த வில்லியம் நார்ட்டன் பின்னாளில் லேபர் கட்சித் தலைவராகித் துணைப் பிரதமரும் ஆனார். 1979-ல் சம்பளத்தைப் பற்றி எவ்வளவோ வாதம் நடந்தது. வேலையை நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டா என்ற பழைய வாதத்தை அரசு எடுக்கவில்லை. ராணுவமும் வரவில்லை.

அரசியலில் விளைவு சீக்கிரமே தெரிந்தது. ஜூன் 7 ஐரோப்பியத் தேர்தலில் 15 இடங்களில் லிஞ்சின் ஆளுங்கட்சியான ஃபியானா ஃபாயிலுக்கு 5 மட்டும். வாக்கு 35 சதவீதத்துக்குள். டிசம்பரில் லிஞ்ச் பதவி விலகினார். இதற்குத் தபால் மட்டும் காரணமல்ல, வரிக் கோபமும் பெட்ரோலும் சேர்ந்தவை. தபால், தொலைபேசித் துறையை ஆராய 1978-லேயே அமைத்திருந்த டார்கன் குழு 1979-ல் அறிக்கை தந்தது: துறையை அரசிடமிருந்து பிரித்துத் தபாலுக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று என இரண்டு நிறுவனமாக்க வேண்டும். 1983-ல் சட்டம், 1984 ஜனவரி 1-ல் 'அன் போஸ்ட்', 'டெலிகாம் ஏரன்'. வேலைநிறுத்தம்தான் துறையை உடைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. தேதியைப் பார்த்தால் குழு முந்தியது. அந்த 18 வாரம் குழு சொன்னதை எதிர்க்க ஆளில்லாமல் செய்தது என்று சொன்னால் பொருந்தும்.

உங்கள் கடிதக் கட்டுக்கு வருவோம். பிப்ரவரி 19 முதல் ஜூன் 25 வரை அயர்லாந்து முத்திரை இல்லாதது இயல்பே; அந்த இடைவெளியை வைத்துக் குடும்பத்தில் மனஸ்தாபம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் முத்திரை உள்ள உறைகளில், முத்திரைத் தேதியை நம்பாமல் உள்ளே எழுதிய தேதியைப் பாருங்கள். எழுதி வைத்துக் காத்திருந்து ஒரே கட்டாகப் போட்டவை இருக்கும். ஆகவே மூன்று கடிதம் ஒரே முத்திரையில் வந்திருந்தால் உள்தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் 'சேவை நிறுத்தம், அனுப்பியவருக்குத் திருப்புக' என்ற பொருளில் முத்திரையோ சீட்டோ இருந்தால் அது அங்கிருந்தே திரும்பிய உறை. ஒரு நாட்டில் தபால் நின்றால் மற்ற நாட்டு நிர்வாகங்கள் அந்த நாட்டுக்கான தபாலை ஏற்பதை நிறுத்துவதும் வந்ததைத் திருப்புவதும் வழக்கம். அயர்லாந்து விலாசம் எழுதிய கடிதத்தாள், ஆனால் உறையில் நாட்டின் பெயர் இல்லாமல் அரசியின் தலை மட்டும் உள்ள 7 பென்ஸ் அல்லது 9 பென்ஸ் தபால்தலை, நியூரி முத்திரை என்றால் கடிதக் கட்டு முழுவதிலும் மதிப்பான உறை அது. அந்த மாதங்களில் பிரிட்டனுக்குள் இரண்டாம் வகுப்புக் கட்டணம் 7, முதல் வகுப்பு 9. ஆகஸ்ட் 20-க்குப் பிறகுதான் 8-ம் 10-ம் ஆயிற்று. தபால்தலையை நனைத்துப் பிரிக்க வேண்டாம். முழு உறையும் உள்ளிருக்கும் தாளும் சேர்ந்திருந்தால்தான் எல்லை தாண்டி எடுத்துப்போய்ப் போட்டது என்று நிரூபிக்க முடியும். முத்திரையே இல்லாமல், விலாசமும் பெயரும் மட்டும் உள்ள உறை கையில் போனது. தனியார் ஒட்டுச்சீட்டு உள்ள உறையை வாங்கும்போது கவனம் தேவை. பயன்படாத சீட்டைப் பழைய உறையில் பின்னால் ஒட்டுவது எளிது. சீட்டின் மேலும் உறையின் மேலும் சேர்ந்தாற்போல் விழுந்த முத்திரையோ கையெழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள்.

போன் விஷயத்தில் யார் சொல்வது சரி என்று தீர்க்க, அவர்களிடம் அந்த வீட்டுப் போனில் டயல் இருந்ததா, கைப்பிடி இருந்ததா என்று மட்டும் கேளுங்கள். அல்லது அந்த ஊர் இணைப்பகம் எந்த வருடம் தானியங்கி ஆனது என்று தேடுங்கள். 1979-க்குப் பிறகு என்றால் 'செத்துப் போச்சு' என்றவர் சொல்வதே சரி. இதில் கடைசியாக மாறிய ஊர் கிளேர் மாவட்டத்து மவுன்ட்ஷானன். அங்கே கைமுறைப் பலகையை மூடிய நாள் 1987 மே 28.